மலைவேம்பில் ஒரு மூச்சு

போத்தனூரில் எலெக்ட்ரிக் கிடார் செய்யும் பட்டறை ஒன்றை இவாஞ்சலின் நடத்திவந்தார். அங்கே சூசைராஜ் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்குத் தலை முழுக்க நரை. அதிலும் சூசைராஜ் சாதாரணத் தச்சரா? அந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணக் கட்டில்கள் அவர் கைவேலை. தேக்கைத் தவிர வேறு எதையும் மரம் என்றே ஒத்துக்கொள்ளாத ஆள்.

அவர் வந்தது பிலோமிக்காக. பிலோமி அவர் மனைவி, மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆன பிறகு, பழைய கிடாரை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டுக்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார்கள். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார். லேசான கிடார் ஒன்று கிடைத்தால் அவர் மேடையில் இருப்பார், கிடைக்காவிட்டால் இருக்கமாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

முதல் நாளே இவாஞ்சலின் மாஸ்டர் ஒரு பலகையை எடுத்து வைத்தார். மலைவேம்பு. சூசைராஜ் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். முகம் கோணியது.

"இது பிளைவுட்டுக்குப் போற மரமுங்க, மாஸ்டர்."

"ஆமாங்கண்ணா."

"தீக்குச்சிக்கும் போகும்."

"அதுக்கும் போகும்."

"இதைப் போயி எங்க வீட்டம்மாவுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

மாஸ்டர் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பிரியமானவர்களுக்குத் தேக்கில் செய்து கொடுப்பதுதான் சூசைராஜுக்குத் தெரிந்த மரியாதை. யாருக்கும் சொல்லாமல் வீட்டில் ஒரு தேக்குப் பலகையில் கிடார் உடம்பை அறுத்தார். கனத்தது. உள்ளே குடைந்தார். அப்போதும் கனத்தது. இன்னும் குடைந்தார். கடைசியில் மேலே மெல்லிய தேக்குத் தகடு ஒன்றை ஒட்டி, குடைந்தது தெரியாமல் மூடினார். பிலோமி அதை மாட்டிப் பார்த்தார், தோளை அசைத்துப் பார்த்தார், பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக சூசைராஜ் ஒரு காட்டையே குடைந்திருப்பார்.

ஒத்திகையில் சத்தத்தை ஏற்றியதும் கிடார் ஊளையிட்டது. குறைத்தால் நின்றது, ஏற்றினால் மறுபடியும் ஊளை. டிரம்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பிலோமி யாரையும் குறை சொல்லவில்லை. கிடாரைக் கழற்றி உறையில் போட்டார்.

"போதுங்க. வாசிச்ச வரைக்கும் சந்தோஷம்," என்றார்.

மறுநாள் சூசைராஜ் அந்தக் கிடாரோடு பட்டறைக்கு வந்து நின்றார். மாஸ்டர் அதை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார்.

"உள்ள எவ்வளவு குடைஞ்சீங்க?"

"பாதிக்கு மேலயே இருக்குமுங்க."

"எதுக்கு?"

"ஓட்டை போட்டாத்தானுங்களே கனம் குறையும்? போட்டா ஊளையிடுது. நான் என்னதான் பண்றது? அவ உறையில போட்டு மூடிட்டா, மாஸ்டர்."

மாஸ்டர் அந்த மலைவேம்புப் பலகையின் ஓரத்தில், ரேகை ஓடும் திசையிலேயே, விரல் தடிமனுக்கு ஒரு குச்சி அறுத்தார். இரண்டு முனைகளையும் உளியால் சுத்தமாகச் சீவினார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்து சூசைராஜ் முன்னால் வைத்தார்.

"ஒரு முனையைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு, இந்த முனையில வாயை வெச்சு ஊதுங்கண்ணா."

"கட்டையையா?"

"கட்டையைத்தான்."

கேலி செய்கிறாரோ என்று சூசைராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை ஊதினார்.

தண்ணீருக்குள் முத்து முத்தாகக் குமிழிகள் கிளம்பின.

குச்சியை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை. மறுபடி ஊதினார். மறுபடி குமிழிகள். அவருடைய மூச்சு கெட்டி மரத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மரத்தில் இருக்கும் பொடித் துளைகளை அவர் அறியாதவர் இல்லை. வாழ்நாளெல்லாம் அவற்றை மக்கு வைத்து அடைத்துத்தான் பாலிஷ் போட்டிருக்கிறார். அவை எங்கே போகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாளில் அவருக்கு இப்படி உடம்பு சிலிர்த்திருக்கிறது, அதற்குப் பிறகு இன்றுதான்.

"இதெல்லாம் யாரு போட்ட ஓட்டைங்க?" குரல் தானாகத் தணிந்திருந்தது.

"மரமே போட்டுக்கிட்டது. வேர்ல இருந்து தண்ணி மேல போன வழி."

"பலகை முழுக்க இப்படித்தானா?"

"முழுக்க. பெரிய பொந்துதான் ஊளையிடும், இந்தப் பொடி ஓட்டைங்க கனத்தை மட்டும் குறைக்கும்."

சூசைராஜ் எழுந்து போய் அந்தப் பலகையைச் சுவரோரத்திலிருந்து இரண்டு கைகளாலும் தூக்கி வந்தார். மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு தச்சருக்கு வர வேண்டிய பயம் அவருக்கு வந்தது.

"ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எடைக்கு இழுக்குமே, மாஸ்டர். இத்தனை ஓட்டையை வெச்சுக்கிட்டு இது தாங்குமுங்களா?"

"கிளையும் இலையுமா காத்துலயும் மழையிலயும் நின்ன மரமுங்கண்ணா. அப்பவும் இந்த ஓட்டையெல்லாம் இருந்துச்சு."