உச்சியில் மட்டும் பார்த்த நட்சத்திரம்

வயதான நட்சத்திரங்கள் வெடித்துச் சாகின்றன என்று நன்கு படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையாகாது. பெரும்பாலானவை வெடிப்பதில்லை. வயதானதும் ஊதிப் பெருத்து, தம் உடலையே கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாக வெளியே விட்டு, அந்த உறைக்குள் இருந்தபடியே தேய்கின்றன. உறையில் கார்பன் மோனாக்சைடு முதலிய மூலக்கூறுகள் உண்டாகின்றன. அங்கே காந்தப்புலம் இருந்தால், அவை அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். அந்தச் சாய்வை வைத்துப் புலத்தின் திசையைக் கணிக்கலாம்.

பகலில் நட்சத்திரங்களைப் பார்க்க முடியாது என்பதும் பிழைதான். ரேடியோ தொலைநோக்கிக்கு எல்லா நேரமும் ஒன்று. ஆனால் ஒரு கதைக்கு ஒரு திருத்தம் போதும்.

தவிட்டுமலை ஆய்வகத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. சீடர் சொரிமுத்து, அம்பாசமுத்திரத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். முனைவர் பட்டத்துக்காக வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய வழிகாட்டி முனைவர் ஜெசிந்தா. அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

நான்கு வருடமாக சொரிமுத்து ஒரே ஒரு கிழட்டு நட்சத்திரத்தின் உறையிலிருந்து வரும் அலையின் சாய்வை அளந்துவந்தார். அது உச்சிக்கு வரும்போது மட்டும் அளப்பார். உச்சியில்தான் குறுக்கே வரும் காற்றும் ஈரமும் குறைவு. மலையில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். சொரிமுத்து ஒருநாளும் ஐந்து நிமிடம் பிந்தியதில்லை.

ஆய்வேட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதற்குமேல் பல்கலைக்கழகம் அவகாசம் தராது. திங்கட்கிழமை காலை அவர் குருவிடம் போனார்.

“மேடம், ஒரு கேள்வி பாக்கி இருக்கு.”

“கேளுங்க சார்.”

“இந்தக் காந்தப்புலம் எங்கிருந்து வருது? நட்சத்திரத்தோட உள்ளே இருந்து வருதா, பக்கத்துல சுத்துற இன்னொரு நட்சத்திரத்தால வருதா?”

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு அது எத்தனை மணிக்கு உதிக்குது?”

“பத்தே கால்.”

“உதிச்சதும் ஒருதரம் அளங்க. மறையுறதுக்கு முன்னாடி ஒருதரம் அளங்க.”

கிழக்கில் ஒரு சாய்வில் தெரியும் நிலா மேற்கில் வேறு சாய்வில் தெரியும். நட்சத்திரமும் அப்படித்தான், நகரும்போது நம் பார்வையில் திரும்பவும் செய்கிறது. புலம் நட்சத்திரத்துடையது என்றால் அலையின் சாய்வும் கூடவே திரும்ப வேண்டும்.

சொரிமுத்து காலையில் அளந்தார். முப்பத்தெட்டு டிகிரி. உச்சியில் முப்பத்தெட்டு. மறையுமுன், இரவு பத்து மணிக்கும் முப்பத்தெட்டு.

தாளை ஜெசிந்தாவின் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

“திரும்பல மேடம்.”

“ம்.”

“அப்போ நாலு வருஷமா நான் அளந்தது என்ன?”

“நம்ம தொலைநோக்கிய. உள்ளே வர்ற எந்த அலையையும் அது முப்பத்தெட்டு டிகிரி சாய்ச்சுக் காட்டுது.”

“நட்சத்திரத்துல காந்தப்புலம் இல்லையா?”

“இருக்கலாம். அதை நாம பார்க்கல.”

“இன்னொரு வருஷம் கிடைச்சா பார்த்துருவேன்.”

“அந்த உறை கலையறதுக்கு இன்னும் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நட்சத்திரத்துக்கு அவசரமில்லை சார். உங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை.”

சொரிமுத்து சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“தேர்வாளர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க.”

“என்னோடதுல கண்டுபிடிக்கலையே.”

சொரிமுத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஜெசிந்தாவின் ஆய்வேடும் இதே மலையில் எழுதப்பட்டதுதான். அது வேறொரு கிழட்டு நட்சத்திரத்தைப் பற்றியது.

“உங்களுக்கு வந்த கோணமும் முப்பத்தெட்டு” என்றார். “ரெண்டு நட்சத்திரமும் அழகா ஒத்துப்போகுதுன்னு ஒரு அத்தியாயமே எழுதி வச்சிருக்கேன்.”

“படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க.”

“படிக்கும்போதே தெரியுமா?”

“சந்தேகம்தான்.”

“எப்போ இருந்து?”

“ஒன்பது வருஷமா.”

வெளியே தொலைநோக்கியின் மோட்டார் நின்றது. பணியாளர் அதை ஓய்வு நிலைக்குத் திருப்பிவிட்டு மதகைப் பூட்டுவதுபோல இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார்.

“பென்ஷன்கூட முழுசா வராதுன்னு தெரிஞ்சுதான் இங்கே வந்தேன்” என்றார் சொரிமுத்து. குரலை உயர்த்தவில்லை. “முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். இன்னைக்கு எதுக்குச் சொன்னீங்க?”

“நீங்க இன்னைக்குத்தான் எங்கிருந்து வருதுன்னு கேட்டீங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் அதைக் கேட்கல.”

“கேட்காட்டி என்ன? தொலைநோக்கி உங்க கையில. ஒரே ஒரு நாள் காலையில, நீங்களே பார்த்திருக்கலாமே மேடம்.”

“பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்.”

சொரிமுத்து மேசைமேல் இருந்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு போகவில்லை. பதிவை ரத்து செய்யக் கோரும் ஒரு பக்கப் படிவம் போனது. அதில் மாணவர் கையெழுத்துக்குக் கீழே வழிகாட்டியின் கையெழுத்து இருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்த ‘முனைவர்’ என்ற சொல் பேனாவால் ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.