வேதமுத்து ராஜாவும் எஃப் ஐந்தும்

சுண்டைக்காட்டூர்க்காரர்களிடம் ஒரு பெரிய குணம். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தங்கமான மனுஷர்கள், போங்கள்!

அந்த ஊர் நாடக மன்றத்தில் வேதமுத்து பன்னிரண்டு வருஷம் வாயில்காப்போனாகவே நின்றவர். இந்தத் தடவைதான் ராஜா வேஷம். காலையிலிருந்து சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் நாடகம். திரைக்குப் பின்னால் நின்று சிங்காரம் வாசித்தால்தான் யாருக்கும் வசனம் வரும். வசனமோ மன்றத்துப் பழைய கம்ப்யூட்டருக்குள். மவுஸ் கிடையாது, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, நடுவில் ஒரு கோடு.

டவுனில் பிரிண்ட் கடை வைத்திருக்கும் அன்வர் போனில் சொன்னார்: "இடது பக்கம் கம்ப்யூட்டர், வலது பக்கம் பென்டிரைவ். எஃப் ஐந்தைத் தட்டுங்க, நாடகம் வலது பக்கம் வந்துடும், கொண்டாங்க, அச்சடிச்சுத் தர்றேன். எஃப் எட்டு அழிச்சிடும், பக்கத்துலயே போகாதீங்க."

வேதமுத்து, சிங்காரம், எதிரி ராஜா வேஷக்காரர் பொன்னுரங்கம் மூவரும் வாசற்படிக்குப் போய், அங்கிருந்தே குடைக்கம்பால் எஃப் ஐந்தைக் குத்தினார்கள். வலது பக்கம் நாடகம் வந்தது. இடது பக்கமும் இருந்தது.

"ஐயையோ, ரெண்டு நாடகம்னா ரெண்டு ராஜா வருவாங்களே!" என்றார் பொன்னுரங்கம்.

வேதமுத்து குடைக்கம்பைக் கையில் வாங்கினார். "ஒண்ணை அழிச்சிடுவோம்."

"வலது பக்கத்தை அழி. நேத்து இல்லாதது அது" என்றார் பொன்னுரங்கம்.

"இடது பக்கத்தை அழிப்பா. அதான் பழசு" என்றார் சிங்காரம்.

இரண்டு பேருமே கேட்டுவிட்டார்கள். யாருக்கு இல்லை என்பது? வேதமுத்து இரண்டு பக்கமும் எஃப் எட்டைக் குத்தினார். "அழிக்கட்டுமா?" என்று திரையும் இரண்டு முறை மரியாதையாகக் கேட்டது. ஆம், ஆம் என்றார்.

"இப்ப நாடகம் எங்கே?" என்றார் வேதமுத்து.

சிங்காரம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தார். "இடதுல இல்ல, வலதுல இல்ல. போக வர எல்லாம் கீபோர்டு வழியாத்தானே? அதுக்குள்ளதான் இருக்கும்."

சாயங்காலம் கீபோர்டை மார்பில் கட்டிக்கொண்டு வேதமுத்து மகாராஜா மேடையேறினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பொன்னுரங்கம் வாளை உருவி, ஞாபகத்திலிருந்த ஒரே வசனத்தைக் கர்ஜித்தார்: "உன் நாட்டை எனக்குத் தருகிறாயா?"

கேட்டுவிட்டாரே! "எடுத்துக்கப்பா" என்றார் வேதமுத்து. சொன்ன பிறகுதான் ராஜாப் பதவி போனது உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

சிங்காரம் விடுவாரா? திரையை விலக்கிக்கொண்டு குடைக்கம்போடு ஓடிவந்து, அவர் மார்பில் எஃப் ஐந்தை ஓங்கிக் குத்தினார்.

"அழாதே வேதமுத்து! இப்ப நாடு ரெண்டு பக்கமும் இருக்கு!"