மூழ்காத வட்டில்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், அரசரின் வெண்பட்டில் யாரோ ஒருவனுடைய மாட்டுவண்டி சேற்றை வாரி இறைத்துவிட்டது. போதாதா? உடனே சட்டம் பிறந்தது. கடைவீதியில் இரண்டு கற்கள் நட்டார்கள். முதல் கல்லை வண்டி தாண்டியதும், அடியில் ஊசித்துளை போட்ட செப்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி அது மூழ்குமுன் இரண்டாம் கல்லைத் தாண்டினால் அதிவேகம். மாடுகள் அரண்மனைக்கு, ஓட்டியவனின் கட்டைவிரல் கத்திக்கு.

வண்டிக்கார வீராணன் அப்படித்தான் சிக்கினான். பிரசவ வலியில் துடித்த மனைவியை மருத்துவச்சியிடம் கொண்டுபோன வழியில் காவலர்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டார்கள். அவள் வண்டியிலேயே கண்ணை மூடினாள்.

"நான் வேகமாப் போகல சாமி. குலுங்கினா அவ தாங்க மாட்டான்னு மாட்டை நடக்கவிட்டுத்தான் ஓட்டினேன்" என்று சபையில் அழுதான்.

"வட்டில் பொய் சொல்லாது" என்றார் வட்டிலுக்குப் பொறுப்பான தளவாய்.

"சொல்லும்" என்றான் விகடகவி ஏகாம்பரம். அவனைக் கண்டாலே தளவாய்க்கு ஆகாது.

"நிரூபி. தோற்றால் உன் விரலும் போகும்" என்றார் அரசர்.

"சித்தம், மன்னா. வட்டிலை யாரும் துடைக்காமல் கொண்டுவரட்டும். இரண்டு கற்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இங்கேயே தளவாய் அவர்களே நடந்து காட்டட்டும்."

மூட்டுவலிக்காரத் தளவாய் முனகிக்கொண்டே நடந்தார். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். அவர் வந்து சேர்ந்த பிறகும் வட்டில் வாத்துப்போல மிதந்துகொண்டிருந்தது.

"அதிவேகம்!" என்று கூவினான் ஏகாம்பரம். "இவரிடம் மாடு இல்லை, மன்னா. விரலை எடுத்துக்கொள்ளலாமா?"

தளவாய் கையைப் பின்னால் ஒளித்தார். ஏகாம்பரம் வட்டிலின் அடியைச் சுரண்டினான். காய்ந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. வெற்றிலை போடும் காவலர்கள் சுண்ணாம்பு விரலோடு வட்டிலை எடுத்து எடுத்துத் துளையே அடைபட்டுப்போயிருந்தது. அவர்களுக்கும் அது தெரியும். அரண்மனைக்கு மாடுகள் வந்து குவிந்துகொண்டிருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். விரல் தப்பிய தளவாயும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வாசலில் வீராணன் மாடுகளைப் பூட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

"விரலைக் காப்பாத்திட்டீங்க சாமி" என்று கும்பிட்டான். பிறகு கேட்டான்: "அந்தச் சுண்ணாம்பு சங்கதி உங்களுக்கு எப்பத் தெரியும்?"

போன மாதமே தெரியும். தளவாயைச் சபை நடுவே மடக்க நல்ல சமயம் வரட்டும் என்று ஏகாம்பரம் அதைப் பொத்தி வைத்திருந்தான்.

பொன்னாடை தோளில் உறுத்தியது. நாடே சிரிக்கப் பேசியவன் அதைக் கழற்றிவிட்டு, குனிந்து வண்டியின் நுகத்தடியைத் தூக்கிப் பிடித்தான்.