முள்ளம்பன்றிக்கு வராத பதில்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி பதிலுக்காகக் காத்திருந்தது. காத்திருந்தது என்று சும்மா சொல்லிவிட்டேன். உண்மையில் அது காத்திருந்ததைவிடப் புலம்பியதுதான் அதிகம்.

அதன் பெயர் கூரன். பொல்லாத ரோஷக்காரன். யாராவது ஒரு வார்த்தை ஏறுமாறாகச் சொன்னால் போதும், முதுகு முள்ளெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் கதை சொல்வதில் கெட்டி. அது கதை சொல்ல உட்கார்ந்தால் மான்கள் மேய மறந்துவிடும், குரங்குகள் பேன் பார்ப்பதை நிறுத்திவிடும்.

அந்தக் காட்டுக்கு அப்பால் மூன்று கதைக்கூடங்கள் இருந்தன. கதை சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொள்ளும் இடங்கள் அவை. ஆற்றங்கரையில் ஒன்று, பனங்காட்டில் ஒன்று, மூங்கில்மலையில் ஒன்று. ஒவ்வொரு கூடமும் ஆண்டுக்கு ஒரே ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்தவருக்குச் சாப்பாடும் தங்க இடமும் கூடத்தின் பொறுப்பு.

சேர விரும்புகிறவர் ஒரு மைனாவைக் கூப்பிட்டுத் தன் கதையைச் சொல்ல வேண்டும். மைனா அதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டு பறந்துபோய், கூடத்துப் பெரியவர்கள் முன்னால், சொன்னவரின் குரலிலேயே ஒப்பிக்கும். பதிலும் மைனா வழியாகத்தான் வரும். மைனாவுக்குக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. நடுவில் யாராவது தும்மினால் அந்தத் தும்மலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கூரன் மூன்று கூடங்களுக்கும் கதை அனுப்பியிருந்தது. முந்தைய ஆண்டும் அனுப்பியது, அதற்கு முந்தைய ஆண்டும் அனுப்பியது. "இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா இனிமே கதைங்கிற பேச்சே கிடையாது. கிழங்கு தோண்டிப் பிழைச்சுக்கிறேன்" என்று மனைவி செவ்வந்தியிடம் சத்தியமே செய்திருந்தது.

முதலில் ஆற்றங்கரையிலிருந்து மைனா வந்தது. ஒரு முதலையின் குரலில் பேசியது.

"தங்கள் கதை மிக நன்றாக இருந்தது. ஆனால் இந்த ஆண்டு மிக நல்ல கதைகள் ஏராளமாக வந்துவிட்டன. ஆகவே வருந்துகிறோம்."

"நல்லா இருந்தா எடுத்துக்க வேண்டியதுதானே? அப்புறம் எதுக்கு வருத்தம்?" என்று கேட்டது கூரன்.

"அதை முதலையிடம் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மைனா கிளம்பிவிட்டது.

அடுத்து பனங்காட்டிலிருந்து ஒரு மைனா. "அன்புள்ள கரடியாருக்கு வணக்கம். தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலாததற்கு வருந்துகிறோம்."

"நான் கரடியா?" என்றது கூரன். முள் அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றன.

"இல்லை. ஆனா பதில் உங்களுக்குத்தான்" என்றது மைனா.

மிச்சம் இருந்தது மூங்கில்மலை ஒன்றுதான். அங்கே தலைமைப் பெரியவர் ஒரு யானை. கதை போய்ச் சேர்ந்த புதிதில் அங்கிருந்து ஒரு சேதி வந்தது. "தங்கள் கதை வந்து சேர்ந்தது. பரிசீலனையில், ம்க்கும், இருக்கிறது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு இறகுகூட அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

கூரனுக்கு அந்த 'ம்க்கும்' பிடித்துக்கொண்டது.

"செவ்வந்தி, யானை ஏன் கனைச்சுது?"

"தொண்டை கட்டியிருக்கும்ங்க."

"மத்த வார்த்தைக்கெல்லாம் கட்டாத தொண்டை பரிசீலனைங்கிற வார்த்தைக்கு மட்டும் ஏன் கட்டணும்? சிரிப்பை அடக்கியிருக்கு. என் கதையை நினைச்சுச் சிரிப்பு வந்திருக்கு."

"உங்க கதையில சிரிக்கிற இடம் நிறைய இருக்கே. சிரிச்சா நல்லதுதானே?"

"அந்தச் சிரிப்பு வேற, இந்தச் சிரிப்பு வேற" என்று சொல்லிவிட்டுக் கூரன் மறுபடி வளைக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டு கிழங்கு தோண்டப் போனது.

கோடை போனது, தூறல் காலம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. காகம் பறந்தாலும் கூரன் எழுந்து ஓடும், கொக்கு பறந்தாலும் எழுந்து ஓடும். ஒருமுறை காய்ந்த இலை ஒன்று விழுந்ததற்கும் ஓடியது.

இது போதாதென்று அக்கம்பக்கத்தார் வேறு. முயல் வரும், "இன்னும் வரலையா?" என்று கேட்கும். அணில் வரும், "இன்னுமா வரலை?" என்று கேட்கும். உடும்பு ஒன்றுமே கேட்காது. நின்று பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரும். மூன்றிலும் அந்தப் பார்வையைத்தான் கூரனால் தாங்க முடியவில்லை.

எரிச்சல் தாங்காமல் அது ஒரு நாள் மூங்கில்மலைப் பக்கம் போகிற மைனாவை நிறுத்தி, "என் விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வா" என்றது. மைனா போய்விட்டு வந்து யானையின் குரலில் சொன்னது: "நிலை குறித்து விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்."

அன்று கூரன் சாப்பிடவில்லை. பசிக்காமல் இல்லை. எரிச்சலில் முள்ளை விறைத்துக்கொண்டு நின்றதால் வளைக்குள் நுழைய முடியவில்லை.

அந்தக் காட்டில் ஒரு நரியும் இருந்தது. அதுவும் மூங்கில்மலைக்குக் கதை அனுப்பியிருந்தது. அதற்குப் பதில் வந்துவிட்டது. என்ன பதில் தெரியுமா? "முதலிடம் முள்ளம்பன்றி கூரனுக்கு. இரண்டாம் இடம் தங்களுக்கு. கூரன் வேண்டாம் என்றால் மட்டும் தங்களை அழைப்போம்."

நரி இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கூரனிடம் நீங்களும் சொல்ல வேண்டாம். எப்படியும் அது கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் நரி மெல்ல நடந்து கூரனின் வளைக்கு வந்தது.

"அண்ணே, மலையிலிருந்து ஏதாவது சேதி உண்டா?"

"ஒண்ணும் இல்லை. உனக்கு?"

"எனக்கெல்லாம் யாருண்ணே இடம் தரப்போறாங்க?" என்று நரி பெருமூச்சு விட்டது. "என்னை விடுங்க. உங்களை இப்படி இழுத்தடிக்கிறாங்களே, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை."

கூரன் காதைத் தீட்டிக்கொண்டது. இத்தனை நாளில் தன் பக்கம் பேச ஒரு ஆள் கிடைத்தது அதற்கு இதுதான் முதல் தடவை.

"நீயாவது புரிஞ்சுக்கிட்டியே. விசாரிக்கக்கூடக் கூடாதாம்."

"அதுக்கு என்னண்ணே அர்த்தம்? இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லத் தைரியம் இல்லை. நீங்களே களைச்சுப் போய் விட்டுடுவீங்கன்னு பார்க்கிறாங்க. கடைசியில ஒரு நாள் ஊரெல்லாம் கூடியிருக்கும்போது மைனா வந்து, வருந்துகிறோம்னு சொல்லும். முயல் கேட்கும். அணில் கேட்கும். உடும்பு ஒரு பார்வை பார்க்கும்."

உடும்பு என்றதும் கூரனின் முள் ஒவ்வொன்றாக எழுந்தது.

"நான் என்னதான் செய்யணும்கிறே?"

"உங்களுக்கு நான் சொல்லணுமா? அவங்க உங்களை வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி, நீங்க அவங்களை வேண்டாம்னு சொல்லிடுங்க. அப்புறம் யாராவது கேட்டா, நான்தான் வேண்டாம்னுட்டேன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்."

கூரனுக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. யாராவது கேட்டால் நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தது. பல நாளாக இருந்த நெஞ்சுப் பாரம் இறங்கியது போல் இருந்தது.

"சேதி கொண்டுபோக இப்பவே ஒரு மைனாவைக் கூப்பிடு" என்றது.

மைனாவைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. நரி அதைப் பக்கத்து மரத்திலேயே தயாராக உட்காரவைத்திருந்தது. அது ஏன் என்று கூரன் கேட்கவும் இல்லை.

"நிச்சயமா சொல்லணுமா?" என்று மைனா கேட்டது. "சொன்னா சொன்னதுதான். பாதி வழியில மாத்திச் சொல்லுன்னா எனக்குத் தெரியாது."

"நீ வாங்கிக்க" என்றது கூரன். பிறகு ஆரம்பித்தது. "மூங்கில்மலைப் பெரியவர்களே, உங்க கூடமும் எனக்கு வேண்டாம், உங்க பரிசீலனையும் வேண்டாம். ஒரு பதில் சொல்ல உங்களுக்கு ஒரு பருவம் போதலை. நீங்க எனக்கு என்ன கதை சொல்லித்தரப்போறீங்க? என்னை விட்டுடுங்க. நான் வரமாட்டேன், வரமாட்டேன், வரமாட்டேன்."

மைனா மூன்று 'வரமாட்டேன்'களையும் எண்ணி வாங்கிக்கொண்டு பறந்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு, "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் குகைக்கு மூட்டை கட்டப் போனது.

மாலையில் செவ்வந்தி வந்தது. நடந்ததைக் கூரன் பெருமையாகச் சொன்னது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கவும் தூங்கியது. செவ்வந்திக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து மைனா திரும்பி வந்தது. முயலும் அணிலும் உடும்பும் அங்கேதான் இருந்தன. கூரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சொல்லு" என்றது.

மைனா யானையின் குரலில் பேசியது.

"அன்புள்ள கூரனுக்கு வணக்கம். இந்த ஆண்டு எங்களுக்கு வந்த கதைகளில் தங்கள் கதையே முதலிடம் பெற்றது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். தங்குமிடம் தயாராகாமல் யாரையும் வரச்சொல்வது எங்கள் வழக்கம் அல்ல. இங்கே எங்கும் பாறை. தங்கள் முள் இடிக்காத அளவுக்கு அகலமாக ஒரு வளை தோண்டுவதற்குக் காலம் பிடித்துவிட்டது. வளை முடிந்து, தங்களை அழைக்க மைனாவைக் கூப்பிட்டபோது தங்கள் சேதி வந்து சேர்ந்தது. தங்கள் விருப்பத்தை மதிக்கிறோம். அடுத்தவரை அழைத்துவிட்டோம். நரியார் நேற்றே வந்து சேர்ந்தார். தனக்கு இந்த வளை சற்றுப் பெரிது என்கிறார்."

உடும்புகூடக் கூரனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் வர்றேன்னு சொல்லு" என்றது கூரன். "கோபத்துல சொல்லிட்டேன்னு சொல்லு. இப்பவே கிளம்பி வர்றேன்னு சொல்லு."

"இடம் போயாச்சு" என்றது மைனா. "இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்ல?"

மைனா போனது. முயலும் அணிலும் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. கூரனின் முதுகில் முள்ளெல்லாம் படிந்து கிடந்தன.

"மூணு வருஷம் செவ்வந்தி. மூணு வருஷம் காத்திருந்தேன். எல்லாரும் எனக்கு இல்லை இல்லைன்னுதான் சொன்னாங்க."

"ஆத்தங்கரையில சொன்னாங்க. பனங்காட்டுல சொன்னாங்க" என்றது செவ்வந்தி. "மலையில இருக்கிறவங்க சொல்லவே இல்லையேங்க. நீங்கதானே சொன்னீங்க."

நீதி: பதில் வரும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் எரிச்சல்படலாம், ஆனால் அந்தப் பதிலை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது.