செவலையின் முதுகுப் புண்

மருத மரங்கள் சூழ்ந்த ஒரு காட்டுக் குளத்துக்கு ஒருநாள் காலை ஒரு பெண்குதிரை தள்ளாடி வந்து சேர்ந்தது. அதன் பெயர் செவலை. செங்கல் சூளையில் வண்டி இழுத்து, அடி பொறுக்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்! முதுகிலோ பெரிய புண். அதில் புழுக்கள் நெளிந்தன.

மரக்கிளையில் இருந்த கீச்சி என்ற மைனா அதைப் பார்த்துப் பதறியது. "ஐயோ பாவம்! புழுவை எடுக்காவிட்டால் இது பிழைக்காதே!" உடனே பறந்துபோய்க் குதிரையின் முதுகில் உட்கார்ந்தது.

அவ்வளவுதான்! செவலை வீறிட்டுக் கனைத்துத் துள்ளியது. கீச்சி சேற்றில் போய் விழுந்தது.

"கிட்டே வராதே! சூளையில் காக்கைகளும் இப்படித்தான் வந்து என் புண்ணைக் கொத்தித் தின்றன!"

"நான் புழு எடுக்கத்தானே வந்தேன்!"

"வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா?"



இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தாவன் என்ற குரங்கு சிரித்தது. "அதனிடம் போய்ப் பேச்சு என்ன! நான் அருகம்புல்லைக் காட்டிக் கூப்பிடுகிறேன். வந்ததும் கழுத்தில் கொடியை மாட்டிக் கட்டிவிடுவோம். நீ நிதானமாகப் புழுவை எடு. நல்லதுக்குத்தானே!"

கீச்சிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் நாள் கடந்தால் குதிரை செத்துவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டது.

பசித்திருந்த செவலை புல்லை நம்பி வந்தது. கழுத்தில் கொடி விழுந்ததும் வெறிபிடித்தாற்போல் இழுத்தது. கொடி அறுந்தது. முதுகு மரத்தில் உராய்ந்து ரத்தம் வழிந்தது. செவலை ஓடிப்போய் நடுக்குளத்தில் நின்றுகொண்டது. 

கீச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் ஓரமாக வந்து நின்றது. "செவலை! குரங்கின் திட்டம் எனக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு."

 செவலையின் காது மட்டும் கீச்சியின் பக்கம் திரும்பியது.

மறுநாள் கீச்சி தூரத்தில் இருந்தே கேட்டது. "குளக்கரைப் பாறைக்கு வரட்டுமா?"

"வேண்டாம்!"

"சரி" என்று கீச்சி மரத்துக்கே திரும்பியது.

அடுத்த நாளும் கேட்டது. செவலை தலையைத் திருப்பிப் பார்த்தது. "பாறைவரைக்கும் வா. அதற்கு மேல் வராதே!"

கீச்சி பாறையோடு நின்றுகொண்டது. மூன்றாம் நாள் செவலையே குளத்தைவிட்டுக் கரையேறி வந்தது. "வலி தாங்கவில்லை. ஒரே ஒரு புழுவை எடு, பார்க்கலாம்!"

கீச்சி மெல்ல முதுகில் இறங்கியது. ஒரு புழுவை எடுத்தது. "இன்னொன்று?" என்று கேட்டது. "ம்!" என்றது செவலை. நான்காவது புழு பாதி வெளியே வந்திருந்தது. "போதும்!" என்று கத்தியது செவலை.

கீச்சி அந்தக் கணமே அலகைத் திறந்து விட்டுவிட்டுப் பறந்தது.

"அசடே! வாய்க்கு வந்ததை விட்டுவிட்டாயே! இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன?" என்று கேலி செய்தது குரங்கு.

"இழுத்திருந்தால் புழு வந்திருக்கும். செவலை திரும்ப வந்திருக்காது!" என்றது கீச்சி.

மறுநாள் விடிந்ததும் மரத்தடியில் குளம்புச் சத்தம் கேட்டது. கீச்சி எட்டிப் பார்த்தது. செவலை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது! "இன்றைக்கு நீயாகப் போதும் என்கிறவரை எடு" என்றது. சொல்லிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டது.

சில நாட்களில் புண்ணில் புழுவே இல்லை. மழை பெய்து புல் தழைத்தது. செவலையின் விலா நிரம்பியது, முதுகில் புது ரோமம் முளைத்தது. அது நிம்மதியாக மேயும்போது, கீச்சி அதன் தோளில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசும்.

அடிபட்ட மனம், தன்னுடைய 'வேண்டாம்' என்ற சொல்லை மதிப்பவரை மட்டுமே 'வா' என்று அழைக்கும்.