ஐம்பத்தெட்டாவது புள்ளி

நல்லதம்பி உலகநாதனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கோப்பைப் போட்டியின் தொடக்க நாளன்று. இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உலகநாதனுக்கு முன்வரிசையில் நாற்காலி, தோளில் சால்வை. நல்லதம்பி டிக்கெட் எடுத்து மேல்படியில் உட்கார்ந்து, எத்தனை பேர் வந்து உலகநாதனின் கையைக் குலுக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று பேர். ஆட்டம் முடிந்ததும் உலகநாதன் மெல்ல மேல்படிக்கே ஏறி வந்து, "மாப்ள, அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். கூட்டம் கலையட்டும், சொல்கிறேன் என்றார் நல்லதம்பி. கூட்டம் கலைந்தது, அவர் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து உலகநாதன் இறந்துபோன செய்தி வந்தது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதுதான் இந்தக் கதை. அப்போது இருவருக்கும் முப்பது வயது. யாரும் அவர்களை 'அவர்' என்றதில்லை. இங்கேயும் அவன் என்றே இருக்கட்டும்.

இளங்கதிர் கூடைப்பந்துக் கழகத்தில் உலகநாதன் கேப்டன். நல்லதம்பி வளையத்தின் அடியில் நிற்பவன். எதிரணி எறிந்து தவறவிட்ட பந்தை எம்பிப் பிடித்து, முழங்கை இடி வாங்கிக்கொண்டு உலகநாதனிடம் எறிவான். உலகநாதன் ஓடிப்போய்க் கூடையில் போடுவான். கைதட்டல் உலகநாதனுக்கு. பந்தைப் பிடித்தது யார் என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று வருடம் தொடர்ந்து தோற்றபின், அணியைப் புதிதாகக் கட்டியே ஆகவேண்டும் என்று செயலாளர் இருதயராஜ் முடிவெடுத்தார். உலகநாதனைப் பஞ்சாலை அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அங்கிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார். டீக்கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. கேப்டனை விற்பவன் நாளை வளையத்தையும் விற்பான் என்றார் ஒருவர். மாற்றத்தை ஆதரித்து எல்லோரையும்விட உரக்கப் பேசியவன் நல்லதம்பி. கேப்டன் பதவியும் அவனுக்கே வந்தது. ஆனால் பஞ்சாலை அணி உலகநாதனை வந்த அன்றே கேப்டனாக்கியது. ஊரில் பாதிப்பேர் அவன் பின்னாலேயே அந்த அணியின் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

அந்த மாவட்ட லீக்கில் ஆறு அணிகள். கடைசி இடத்தில் நிற்கும் அணிதான் விளையாட்டு விடுதியிலிருந்து வெளிவரும் ஆட்டக்காரர்களில் முதலாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வருடம் வெளிவர இருந்தவன் யோவான், ஏழடிக்கு நான்கு விரற்கடை குறைவு. பட்டியலின் அடியில் இளங்கதிரும் பஞ்சாலையும் சமமாக நின்றன. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும். தோற்பவருக்கு யோவான்.

இருதயராஜ் மறைக்காமல் சொன்னார்: "ஜெயிச்சா ஒரு நாள் கைதட்டு. தோத்தா பத்து வருஷத்துக்கு யோவான். எது வேணும்னு யோசிங்க."

"தோக்கிறதுக்குத் தனியா எதுவும் பண்ண வேண்டாமே அண்ணாச்சி," என்றான் புதிதாக வந்தவர்களில் ஒருவன். "நல்லதம்பி அண்ணன் வழக்கம்போல நின்னாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லதம்பி சிரிக்கவில்லை. யோவான் வந்தால் நிற்கப்போவது அவன் நிற்கும் இடத்தில். தோற்றால் ஊர் தோளில் தூக்கப்போவது உலகநாதனை.

மற்றவர்கள் அன்று செயலாளர் சொன்னபடி தவறவிட்டுக்கொண்டிருக்க, நல்லதம்பி மட்டும் உயிரைக் கொடுத்து ஆடினான். உலகநாதனும் ஜெயிக்கவே ஆடினான். அவனுக்கு வேறு மாதிரி ஆடத் தெரியாது. இரண்டு நொடி மிச்சமிருக்கையில் இளங்கதிர் ஐம்பத்தேழு, பஞ்சாலை ஐம்பத்தாறு. உலகநாதன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இருவரும் எம்பினார்கள். நல்லதம்பியின் கண் பந்தின்மேல் இல்லை, உலகநாதனின் கைமேல் இருந்தது. அந்தக் கைக்குப் போகக்கூடாது என்று தட்டினான். பந்து விரலில் வழுக்கி, தான் காக்கவேண்டிய கூடைக்குள்ளேயே விழுந்தது.

நடுவர் விசில் ஊதினார். இதற்கு ஒரு விதி உண்டு. தவறுதலாகத் தன் கூடையில் போட்டுவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஸ்கோர் தாளில் அதை எதிரணிக் கேப்டனின் சட்டை எண்ணில் எழுதுவார்கள். வேண்டுமென்றே போட்டால் அது செல்லாது. இளங்கதிர் தோற்கப் பார்க்கிறது என்ற பேச்சு நடுவரின் காதுக்கும் எட்டியிருந்தது. என்ன நடந்தது என்று இருவரையும் கேட்டார்.

"கை தட்டி விழுந்துட்டு சார். வேணும்னு போடல," என்றான் உலகநாதன்.

மேசையில் இருந்தவர் அதற்குள் உலகநாதனின் ஏழாம் எண்ணை எழுதிவிட்டதை நல்லதம்பி பார்த்தான். அவன் தட்டியது, அவன் விரல், அதுவும் உலகநாதன் பேரில்.

"வேணும்னுதான் சார் போட்டேன்," என்றான்.

நடுவர் மறுபடி கேட்டார். அதையே சொன்னான். தாளில் எழுதிய புள்ளி நீக்கப்பட்டது. மிச்சமிருந்த ஒரு நொடியில் ஒன்றும் நடக்கவில்லை. இளங்கதிர் ஜெயித்தது. தோற்பதற்காகத் தன் கூடையிலேயே போட்டவன் என்று நல்லதம்பிக்கு இரண்டு வருடத் தடை. ஜெயித்த ஆட்டத்தில் தோற்றவன் பேரை வாங்கி வந்த ஒரே ஆள் இவன்தான் என்று இருதயராஜ் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கடைசி இடம் பஞ்சாலைக்குப் போனது. யோவானும் அங்கேயே போனான். அவனை வைத்து உலகநாதன் நான்கு கோப்பை தூக்கினான்.

இப்போது சொல்லுங்கள். அணியின் நாளைக்காக இன்று தோற்கச் சொன்னார் செயலாளர். நடந்ததை நடந்தபடி சொன்னான் உலகநாதன். தன் பேரைக் கெடுத்துக்கொண்டு தன் அணியை ஜெயிக்க வைத்தான் நல்லதம்பி. மூவரில் சரியாக நடந்தது யார்?

விடை: செயலாளர் ஆட்களை மாற்றியது அவர் உரிமை, டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குத் தோல்வியை நடித்துக் காட்டச் சொன்னது உரிமையில் சேராது. நல்லதம்பியின் பொய் பார்வைக்குத் தியாகம் போல இருக்கும். ஆனால் அவன் அதைத் தன் அணிக்காகச் சொல்லவில்லை, ஒரு ஏழாம் எண்ணை அழிப்பதற்காகச் சொன்னான். யார் ஜெயிக்கவேண்டும் என்று நடுவர் கேட்கவில்லை, என்ன நடந்தது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் உலகநாதன் ஒருவனே. சரி அவன் பக்கம். நல்லதம்பிக்கும் இது தெரியும். மேல்படியில் உட்கார்ந்திருந்த அன்றே தெரியும். அந்த ஸ்கோர் தாள் இன்றும் கழகத்து பீரோவில் இருக்கிறது. அதில் ஐம்பத்தெட்டுக்கு நேரே ஏழு என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது.