உப்புக்காரியைச் சுற்றிய கோடு

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நாட்டில், வழக்கு கேட்டே சலித்துப்போன ராஜா ஒருவன் இருந்தான்.

அந்த நாட்டில் கடன் வசூலிக்க ஒரு வழக்கம். கடன்காரனைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். கடன் தீரும்வரை அவன் அதைத் தாண்டக் கூடாது. கோடு போட்டவனுக்கும் பொறுப்பு உண்டு. கடன்காரன் வெளியே நடமாடுவதைக் கண்டும் சத்தம் போடாமல் இருந்தால், கடன் கோடு போட்டவன் தலையில் விழும்.

ஒருநாள் தூக்கம் கலைந்த எரிச்சலில் ராஜா ஆணையிட்டான்: "சேர்ந்து கடன் வாங்கியவர்கள் பிரிந்து போனாலும், கடனுக்கு அவர்கள் ஒரே ஆள்தான். அகப்பட்டவரிடம் முழுவதையும் வாங்குங்கள்."

பொக்கிஷதார் அனந்தராயர் மறுநாள் காலையிலேயே சுண்ணாம்போடு கிளம்பினார். உப்பளம் போட அரண்மனையில் கடன் வாங்கியவர்கள் ஆவுடைச்சியும் அவள் புருஷன் வேலாண்டியும். பிறகு அவன் அவளைத் தள்ளிவைத்துவிட்டு, ராயருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்துகொண்டான். ராயர் கோடு போட்டது அவளைச் சுற்றி, அரண்மனை வாசலில்.

மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு வந்த அரண்மனை விகடன் சூலபாணி, அவளைக் கண்டு நின்றான்.

"பாதிக் காசு முந்தானையில இருக்கு சாமி. வாங்க மாட்டேங்கிறாரு," என்றாள் ஆவுடைச்சி. "மேற்கால பாருங்க, மேகம். கோட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பு குவியல் குவியலா தெறந்து கெடக்கு. மழை விழுந்தா என் பொழப்பே கரைஞ்சு போயிரும்."

சூலபாணி மேகத்தைப் பார்த்தான். நேரே சபைக்குள் போனான்.

"அரசே, அந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டும்."

ராஜாவைச் சிரிக்க வைக்கும் அந்த வாயைக் கண்டாலே ராயருக்கு வயிற்றெரிச்சல். "முடிந்தால் விடுவித்துப் பாரும். முடியாவிட்டால் பக்கத்தில் உமக்கும் ஒரு கோடு," என்றார். பிரபுக்கள் கேலியாகக் கனைத்தார்கள். ராஜா தலையாட்டினான்.

"ஒரே ஒரு ஐயம், ராயரே. கடனுக்கு அவர்கள் ஓர் ஆளா, இரண்டு ஆளா?"

"ஓர் ஆள். அரசர் ஆணை."

"அந்த ஆளைச் சுற்றிக் கோடு போட்டது தாங்கள்தானே?"

"நானேதான்."

ராயரின் தோளருகே நின்ற வேலாண்டியை, வெற்றிலைத் தட்டும் கையுமாக, சூலபாணி நடுச்சபைக்கு இழுத்துவந்தான்.

"கோட்டுக்குள் இருக்க வேண்டிய ஆள் இதோ வெளியே நிற்கிறான். காலையிலிருந்து இவன் கையால் வெற்றிலை வாங்கி மெல்லுகிறீர்கள். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. வழக்கப்படி கடன் இனித் தங்களுடையது."

ராயருக்குப் புரையேறியது. "இல்லை அரசே! அவர்கள் இரண்டு ஆள்! இரண்டு ஆள்!"

"அப்படியானால் பாதிப் பாதி. அவள் பாதி முந்தானையில் இருக்கிறது."

"ஐயா, என்னை மாட்டிவிடாம பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே!" என்று வேலாண்டி ராயரின் காலைப் பிடித்தான்.

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தான். "ராயரே, அவள் பாதியை வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிடும். சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா? இவனைச் சுற்றிப் போடும். நீரே காவல் நில்லும். சூலபாணி, உனக்கு என்ன வேண்டும்?"

வெளியே இடி இடித்தது. சூலபாணி சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"பிரபுக்கள் உட்கார்ந்திருக்கும் பாய்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு மறுபடியும் வந்தது. "எழுந்திருங்கள்!" என்றான்.

முதல் தூறல் விழுந்தபோது பாய்களெல்லாம் உப்பின் மேல் கிடந்தன. சபை கலையும்வரை பிரபுக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சூலபாணி ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.